வெள்ளிக்கிழமைக் காற்று

ஷுரூக்கின் நுரையீரலுக்கு அந்த வீட்டில் தனி வாக்குரிமை இருந்தது. வாடகை வீடோ உறவினர் கல்யாணமோ, எதை முடிவு செய்தாலும் அது மூச்சிரைத்துக் காட்டித் தன் கருத்தைத் தெரிவித்துவிடும். ஆனால், கால்நடை மருத்துவம் படிக்க இரண்டு கல்லூரிகளில் எதை முதல் விருப்பமாகப் பதிவது என்று அதனிடம் கேட்க அவளுக்கு மனமில்லை. டெல்டாவின் இந்தச் சிறுநகரக் கல்லூரி போதும், இஸ்மாயிலியா நகரக் கல்லூரி இரண்டாவதாக இருக்கட்டும். பதிவு திங்கட்கிழமை முடிகிறது.

ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு அவளை அந்தக் கல்லூரிக்குக் காரில் ஏற்றி வந்திருந்தார் தந்தை மஹ்ரூஸ்.

"மூச்சை இழு மகளே! தேன் மாதிரி இருக்குது." முன்மாதிரியாகத் தாமே இழுத்துக் காட்டினார்.

"பாபா, சட்டைப் பொத்தான் தெறிச்சிரப் போகுது."

"கிண்டலா? மதிலுக்குப் பின்னாடி புகைக்கூண்டு இருக்குதுன்னு உங்கம்மா பயந்தாளே, பாரு. ஒண்ணுலயும் புகை இல்ல. எல்லாம் செத்துப்போன இரும்பு வார்ப்படப் பட்டறை."

கல்லூரியின் குதிரை மருத்துவமனையில் ஒரு செம்பழுப்புப் பெண்குதிரை அவள் தோளில் மூக்கை வைத்தது. அந்தக் கணமே அவள் மனத்தளவில் சேர்ந்துவிட்டாள்.

பிறகு, தங்க அறை தேடி எதிர்த் தெருவுக்குள் நுழைந்தார்கள். பால்கனி தவறாமல் துணி: படுக்கை விரிப்பு, திரைச்சீலை, அங்கி, கம்பளம். ஷுரூக் அண்ணாந்து, முதல் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்ணைக் கேட்டாள்.

"அத்தை, நாளைக்குப் பெருநாளா? தெருவே துவைச்சுப் போட்டிருக்கீங்க!"

"பெருநாளா? இன்னிக்கு வெள்ளிக்கிழமைடி கண்ணு! பட்டறைக்கு லீவு. மத்த நாள்ல காயப்போட்டா வெள்ளைச் சட்டை கத்திரிக்கா நிறத்துல திரும்பி வரும்."

"அப்ப நீங்க எப்படி மூச்சு விடறீங்க?"

"சன்னலைச் சாத்திக்குவோம். பழகிப்போச்சு. மேல ஒரு ரூம் காலியா இருக்கு, வந்து பாக்கறியா?"

ஷுரூக் புகைக்கூண்டுகளைப் பார்த்தாள். அவை சாகவில்லை, அப்பாவைப் போலவே வார விடுமுறையில் இருந்தன.

"சன்னலைச் சாத்திக்கிட்டா..." என்று இழுத்தார் மஹ்ரூஸ்.

"அஞ்சு வருஷமும் சாத்திக்கிட்டா பாபா?"

குதிரை மூக்கை வைத்த தோளைத் தடவிக்கொண்டாள். பிறகு பையிலிருந்த மூச்சு மருந்துக்குழலைத் தொட்டுப் பார்த்தாள்.

"இஸ்மாயிலியாவை முதல்ல போடறேன்," என்றாள் கடைசியில். "ஆனா அதையும் போய்ப் பாத்துட்டுத்தான். ஞாயித்துக்கிழமை."

"வேலை நாளாச்சே! கடை?"

"அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை."

மஹ்ரூஸ் பெருமூச்சு விட்டுக் கடைக் கூட்டாளியைக் கைப்பேசியில் அழைத்தார்.

"ஞாயித்துக்கிழமை நீ தனியா சமாளிச்சுக்க... இல்லய்யா, வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்ல. பொண்ணுக்குக் காத்துப் பாக்கப் போறோம்... ஆமா, காத்துதான். மாப்பிள்ளை இல்ல!"