வால்டரின் துப்பாக்கி

முந்நூறு மீட்டர் போட்டியில் ஒர்னெல்லா இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டாள் என்று அறிவித்தபோது, சுடும் கூடத்தில் கை தட்டியவர்கள் நாலு பேர்தான். வெரேனா தன் கைகளை மேலங்கிப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

அந்த பெர்ன் மலைக் கிராமத்தில் போட்டித் துப்பாக்கிகளைச் சரிபார்த்து முத்திரை குத்தும் வேலை முப்பத்தைந்து வருடமாக அவளுடையது. அவள் துப்பாக்கிப் பட்டறைக்காரரின் மகள். தானும் அதே தொழில் கற்றவள். வயது அறுபத்தெட்டு. ஒர்னெல்லா தெற்கே இத்தாலிய மொழி பேசும் டிசினோவிலிருந்து வந்தவள். வெரேனாவின் கணவன் வால்டர் இருபது வருடத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போனது ஒர்னெல்லாவோடு வாழத்தான். போன வருடம் அவன் செத்துப்போனான். இப்போது ராணுவ சேவைக்குக் கொடுத்து அவனிடமே விட்டுவிட்ட துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, அவன் சங்கத்திலேயே பரிசையும் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாள்.

சங்கத் தலைவர் லூதி இரண்டாவதாக வந்திருந்தார். பரிசாக வைத்திருந்த வெண்கல மாட்டுமணியை யாரும் தொடும் முன்னே எழுந்து நின்றார்.

"நான் ஆட்சேபம் பண்றேன். இது ஒரிஜினல் துப்பாக்கிக்கான போட்டி. ராணுவம் குடுத்தது குடுத்தபடியே இருக்கணும். அந்தக் குழல் மாத்தினதுன்னு எனக்குச் சந்தேகம்."

"தோத்தவங்களுக்குத்தான் சந்தேகம் வரும்" என்றாள் ஒர்னெல்லா. "திறந்து பாருங்க. ஆனா இந்தம்மா பாக்கக் கூடாது. அவங்களுக்கு என் மேல என்ன இருக்குன்னு ஊருக்கே தெரியும்."

"வேற ஆளு இல்ல" என்றாள் வெரேனா. "மேசைல வை."

நீள மேசையில் தொத்திறைச்சித் தட்டுகளை ஒதுக்கி ஒரு துணியை விரித்தார்கள். உறுப்பினர்கள் சுற்றி நின்றார்கள். வெரேனா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். குழல் மாறியிருக்க வேண்டும் என்று அவள் மனசு கிடந்து துடித்தது. இவளை இத்தனை பேர் முன்னால் வெறுங்கையோடு அனுப்பினால் இருபது வருட எரிச்சல் கொஞ்சமாவது அடங்கும்.

குழலில் இருந்த எண்ணும் உடல்பகுதியில் இருந்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன. யாராவது பின்னாளில் கையால் எண் அடித்திருந்தால் ஏதாவது ஓர் இலக்கம் சாய்ந்திருக்கும், ஆழம் கூடக் குறைய இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தாள். ஆறு இலக்கமும் ஒரே அச்சு. குண்டை உள்ளே தள்ளும் போல்ட்டிலும் மரக்கட்டையிலும் கடைசி மூன்று இலக்கங்கள் சரியாக இருந்தன. கட்டையின் பின்தகட்டில் இருந்த இரண்டு திருகாணிகளையும் கழற்றினாள். உள்ளே மடித்த சீட்டு: வால்டர் ஏஷ்லிமான், பிறந்த வருடம், படைப்பிரிவு, ஊர். எழுத்து கொஞ்சம்கூட மங்கவில்லை.

"குழல் மாத்தல. எல்லாம் அதோடதுதான்" என்றாள். குரலில் ஏமாற்றம் அவளுக்கே கேட்டது.

"விசையையும் பாரேன்" என்றார் லூதி, மெதுவாக.

அவள் விசையைக் கழற்றி, சுடும் ஊசியைப் பிடித்து நிறுத்தும் கொக்கியை வெளிச்சத்தில் திருப்பினாள். கொக்கியின் விளிம்பு அரத்தால் ராவி, எண்ணெய்க்கல்லில் தேய்த்து, கண்ணாடி மாதிரி மின்னியது. வழக்கம்போல் விசையில் எடை தொங்கவிட்டுச் சோதித்தால் எவனும் கண்டுபிடிக்க முடியாது. தொட்டால் மட்டும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கும். செய்த கை அவளுடையதுதான். கல்யாணமான நாலாவது குளிர்காலத்தில் வால்டர் பட்டறையில் பின்னால் வந்து நின்று, "இழுக்கிறப்ப கரகரங்குது, வெரேனா" என்று கெஞ்சினான். அவன் ஜெயிக்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசை. அதன்பிறகு அவன் மூன்று வருடம் ஜெயித்தான்.

ஒரே வாரத்தில் லூதியும் வந்தார், மோப்பம் பிடித்த நாயைப் போல. அவனுக்குச் செய்ததை எனக்கும் செய், இல்லையென்றால் சங்கத்தில் சொல்வேன் என்றார். செய்தாள்.

லூதி அவள் காதருகே குனிந்தார். "ராவியிருக்குன்னு மட்டும் சொல்லு. யார் ராவினதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அவ தொலைஞ்சா உனக்கும் சந்தோஷம்தானே."

சந்தோஷம்தான். அதை அவள் தனக்குள் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆள் அவளுடைய வன்மத்தைக் கூலியில்லாத வேலைக்காரி மாதிரி ஏவுகிறான் என்று தோன்றியதும் வேறொரு கோபம் பொங்கியது.

"கொக்கியை ராவியிருக்கு. இந்தத் துப்பாக்கி செல்லாது" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. ஒர்னெல்லாவின் முகம் சிவந்தது. "ராவினது நான். இவளுக்கு இது தெரியாது. அதே குளிர்காலத்துல இன்னொண்ணும் ராவினேன். லூதி, உன்னோடதையும் மேசைல வை."

"இவளுக்குப் புத்தி பிசகிடுச்சு" என்றார் லூதி.

"வைக்கலைன்னா நீயே ஒத்துக்கிட்ட மாதிரி."

அவர் வைக்கவில்லை. மூன்றாவதாக வந்த பால்பண்ணைக்காரர் ஷெங்க்தான் அதைத் தாங்கியிலிருந்து எடுத்து வந்து வைத்தார். வெரேனா கழற்றிக் காட்டியபோது கொக்கி அதே மாதிரி மின்னியது. லூதி தொப்பியை எடுத்துக்கொண்டு, "இருபது வருசமா ஆம்பள துணையில்லாம காய்ஞ்சுபோன கிழவி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவரைத் தடுக்கவும் யாரும் இல்லை, கூடப் போகவும் யாரும் இல்லை.

மணி ஷெங்குக்குப் போனது. வெரேனா முத்திரையையும் மைப்பெட்டியையும் செயலாளர் முன்னால் வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த வெற்றிப் பலகையில் வால்டரின் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. அதை அழிப்பதா வேண்டாமா என்று பேச்சு கிளம்பியது.

ஒர்னெல்லா மேசைக்கு எதிரில் வந்து நின்றாள். "இப்ப நீங்க நியாயவாதி ஆயிட்டீங்க, இல்ல? எனக்குன்னு அவர் விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான். இதுலயும் உங்க கையே இருக்கு."

"இதுல என் கை இருக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையா?"

"கழட்டினது நீங்க. பூட்டிக் குடுங்க."

வெரேனா பூட்டினாள். ஒர்னெல்லா பக்கத்தில் நின்று ஒவ்வொரு திருகாணியையும் கண்ணால் எண்ணினாள், திருடியிடம் பொருளைத் திரும்ப வாங்குகிறவள் போல. சீட்டை மட்டும் மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு, விடைபெறாமலே வண்டியை நோக்கிப் போனாள்.

மழை பிடித்திருந்தது. வழக்கமாக வெரேனாவை வீட்டில் இறக்கிவிடும் ஷெங்க் அவளைப் பார்க்காததுபோல் வண்டியைக் கிளப்பினார். அவள் மேலங்கியை இழுத்துப் பொத்திக்கொண்டு மேட்டுப் பாதையில் நடக்கத் தொடங்கினாள்.