சமத்துப் பிள்ளை

குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள் முதல் அந்த வீட்டில் ஒரே ஒரு சொல்தான் புழங்கியது: சமத்து. பார்க்க வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அழவில்லை, சிணுங்கவில்லை, யார் தூக்கத்தையும் கெடுக்கவில்லை. மார்பில் வைத்தால் இரண்டு வாய் உறிஞ்சும், உடனே தூங்கிப்போகும். “இப்படி ஒரு சமத்தை நான் கண்டதில்லைடா தம்பி” என்றாள் குழந்தையின் அத்தை. அவள் பெற்றவை மூன்றும் தெருவையே கூட்டிய பிள்ளைகள். ஆகவே இந்த விஷயத்தில் அவள் சொல்லுக்குத் தனி மரியாதை.

குழந்தையின் அப்பாவை எல்லோரும் மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். மண்டபங்களுக்கும் கூட்டங்களுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். தன் காதைப் பற்றி அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை. பெட்டி இரைந்தால் கோளாறு எந்த ஒயரில் என்று தொடாமலே சொல்வான். இரையவில்லையா, எல்லாம் சரி, கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். தொழிலில் அவன் கற்ற வேதம் அவ்வளவுதான். அதையே மகளுக்கும் பொருத்திப் பார்த்தான் அந்த மேதாவி. செத்துப்போன பெட்டியும் இரையாது என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

“ஏங்க, இவ பாலே குடிக்க மாட்டேங்கறா. உடம்பு வேற சில்லுன்னு இருக்கு” என்றாள் மனைவி ஒரு நாள் காலையில்.

“சமத்தா தூங்கறவளை ஏன் கிளப்பி விடறே?”

அவள் துணியை அவிழ்த்துக் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள். இன்னொரு முறை, கொஞ்சம் பலமாகவே. குழந்தை முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. அடுத்த நிமிஷம் அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, போட்டிருந்த உடையோடு படி இறங்கிவிட்டாள். மைக் சட்டைப் பொத்தானைக் கண்டபடி மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினான்.

“பசிச்சா அழறாளா?” என்று கேட்டார் குழந்தைகள் டாக்டர்.

“இல்லீங்க டாக்டர், ரொம்ப சமத்து” என்றான் மைக். அந்த நேரத்திலும் குரலில் பெருமை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். “அழறதுதான் சார் இந்த வயசுல இதுக்கு வேலை. அதுக்குக்கூடத் தெம்பில்லாம கிடக்குது. நீங்க சமத்துங்கறீங்க.”

ரத்தத்தில் கிருமி கலந்திருக்கும் போலிருக்கிறது என்றார். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள்.

“பிழைச்சுக்குவாளா?” என்றாள் மனைவி.

“இப்போ எதுவும் சொல்ல மாட்டேன்மா. மருந்து வேலை செய்யணும். வாய் விட்டு ஒரு தடவை அழுதுட்டாள்னா எனக்குப் பாதிக் கவலை தீரும்.”

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், வெதுவெதுப்பான விளக்கின் கீழே குழந்தை கிடந்தது. மூக்கில் குழாய், காலில் ஒயர், கையில் ஊசி. பக்கத்தில் ஒரு மெஷின் பீப் பீப் என்றது. ஒயர் விவகாரத்தில் கரை கண்டவன் இங்கே எந்த ஒயர் எதற்கு என்று தெரியாமல் விழித்தான்.

“அந்த வார்த்தையை இனிமே யாராவது என் காதுல போட்டாங்க, கொலை விழும்” என்றாள் மனைவி. “முக்கியமா நீங்க.” அதன் பிறகு அவனோடு ஒரு சொல் பேசவில்லை.

அதனால் வராந்தா முனையில் நின்று வருகிறவர்களை மடக்கி எச்சரிக்கும் உத்தியோகம் மைக்குக்கு வந்தது. அதையாவது உருப்படியாகச் செய்தானா? “சமத்துன்னு மட்டும் சொல்லிடாதீங்க” என்று ஒவ்வொருவரிடமும் அவன் கிசுகிசுத்தது, ஒலிபெருக்கிக்காரனின் கிசுகிசுப்பு ஆயிற்றே, வராந்தாவின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த மனைவிக்குத் தெளிவாகக் கேட்டது.

முதலில் வந்தவர் மனைவியின் தாய்மாமா. எது நடந்தாலும் ‘நான் முன்னாடியே சொன்னேன்’ என்பதால் குடும்பத்தில் அவருக்கு முன்னாடியே மாமா என்று பெயர்.

“அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு சும்மாவா சொன்னாங்க? நான் முன்னாடியே சொன்னேன்.”

“நீங்க என்ன மாமா சொன்னீங்க?” என்றாள் மனைவி. “ரொம்ப அமைதி, அப்பனைக் கொண்டு பிறக்கலேன்னு சொன்னீங்க.”

“அதுக்கு உள்ளே ஒரு அர்த்தம் இருக்கும்மா. உங்களுக்குத்தான் பிடிபடலே.”

மைக்கின் அக்காவோ ஆறுதல் சொல்லக் கிளம்பியவள். “எங்க கீழ் வீட்டுக் குழந்தைக்கும் அச்சு அசல் இதே மாதிரிதான் ஆச்சு.”

“இப்ப எப்படி இருக்கு அண்ணி?”

அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள். கைப்பையில் எதையோ தேடினாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்கென்றே சொந்தக்காரர்களைப் படைத்திருக்கிறார்கள் போலும்.

அன்று முழுவதும் குழந்தை அழவில்லை. மறுநாள் காலையிலும் இல்லை. மைக் கண்ணாடியில் காதை வைத்துக்கொண்டு நின்றான். பீப் பீப்பைத் தவிர ஒன்றுமில்லை. “அந்தச் சத்தத்துல தலை வலிக்குது, குறைக்கச் சொல்லுங்க மாப்ளே” என்றார் மாமா. மைக் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய பெரிய மேடையெல்லாம் முழங்க வைத்தவனுக்கு இப்போது அந்த ஒரு பீப்பை விட்டால் பற்றிக்கொள்ள வேறெதுவும் இல்லை.

மதியம் நர்ஸ் ஊசி மாற்ற வந்தாள். பழையதை எடுத்துவிட்டு, மறு கையில் நரம்பு தேடிக் குத்தினாள். குழந்தையின் முகம் கசங்கியது. வாய் திறந்தது. முதலில் காற்றுதான் வந்தது. பிறகு, தாள் கிழிந்த பழைய ஒலிபெருக்கிபோலக் கரகரத்து, விட்டு விட்டு, கடைசியில் பிசிறில்லாமல் வீரிட்டது. கண்ணாடியைத் தாண்டி வராந்தா முழுக்கக் கேட்டது. டாக்டர் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

“அடேயப்பா, என்ன பிடிவாதம்!” என்றாள் அக்கா. “சமத்துங்கற பேரே போச்சே!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மைக் பதறிப்போய் மனைவியைப் பார்த்தான்.

“போகட்டும் அண்ணி” என்றாள் மனைவி. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “நல்லா போகட்டும்.”

மாமாவுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை. “காதைக் கிழிக்குதே. மாப்ளே, இது உங்க தொழில்தானே? கொஞ்சம் குறைங்களேன்.”

“இதுக்குக் குறைக்கற திருகு கிடையாது மாமா” என்றான் மைக்.

மனைவி எழுந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள். உள்ளே குழந்தை விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“நேத்துலேர்ந்து பொத்தானைத் தப்பாப் போட்டுக்கிட்டுத் திரியறீங்க” என்றாள். “கண்ணுதான் இல்லேன்னா, காதாவது இருக்கான்னு பார்த்தேன்.”