போர்வையின் பின்பக்கம்

ஆஸ்பத்திரியின் புது ஓய்வறைச் சுவரில் இருந்த போர்வையின் ஓரத்தை நோரீன் வழக்கம்போல் முதலில் தூக்கிப் பார்த்தாள். அது அசையவில்லை. விரலை விட்டுத் தடவினாள். வரிசையாக ஸ்டேப்ளர் கம்பிகள் தட்டுப்பட்டன. நாலு பக்கமும் பலகையோடு சேர்த்து அடித்திருந்தார்கள்.

அமெரிக்காவில், கென்டக்கியின் அந்த மலைப்பக்கத்தில் யார் வீட்டில் ஒட்டுத்துணிப் போர்வையைப் பார்த்தாலும் பெண்கள் முதலில் செய்வது அதுதான். மேலே இருக்கிற நட்சத்திரத்தையும் பூவையும் யார் வேண்டுமானாலும் புகழலாம். ஓரத்தைப் புரட்டினால்தான் தைத்தவளின் கை தெரியும். யாருக்காகத் தைத்தாள் என்பதும் அங்கேதான் இருக்கும். பேரை முன்பக்கத்தில் போடுவது பீற்றல். போர்த்திக்கொள்பவரின் உடம்பில் படுகிற பக்கத்தில், ஒரு மூலையில் போட வேண்டும்.

"என்னடி இது, வேட்டையில சுட்ட மானோட தலை மாதிரி செவுத்துல அடிச்சு வச்சிருக்கானுங்க?" என்றாள் ஓபல். இருவரும் தேவாலயத்துத் தையல் கூட்டத்தில் இருபது வருடமாக அடுத்தடுத்து உட்காருகிறவர்கள். அங்கே மெதுவாகப் பேசத் தெரியாத ஒரே ஆள் ஓபல்.

போர்வைக்குக் கீழே ஒரு பித்தளைத் தகடு. 'ஓய்வறியாத நம் வீராங்கனைகளுக்கு ஓர் அன்புப் பரிசு. பரபரப்பான நாளில் ஐந்து நிமிடம் இங்கே இளைப்பாறுங்கள்.' நோரீன் அதை இரண்டு தடவை படித்தாள். டெனீஸ் என்ற பேர் எங்குமே இல்லை.

டெனீஸ் அவளுடைய தங்கை. இந்த ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் பதினோரு வருடம் நோயாளிகளைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டிவிட்டவள். போன குளிர்காலத்தில் கட்டில்கள் நடைவழி வரைக்கும் வந்துவிட்டன. வேலைக்கு இருந்த ஆறு பேரில் இரண்டு பேர் விலகிப் போனார்கள். அந்த இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. "இன்னிக்கு மட்டும் கொஞ்சம் சேத்துப் பாத்துக்க, டெனீஸ்," என்றார்கள் மேலதிகாரிகள். அந்த 'இன்னிக்கு மட்டும்' நாலு மாதம் நீடித்தது. பதினாறு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வராது. அடிக்காத மணி காதில் அடிக்கிறது என்பாள். கட்டிலில் கிடக்கும்போதும் அவள் பாதங்கள் நடந்துகொண்டிருக்கும்.

அந்த மாதங்களில் நோரீனுக்கும் மூச்சுவிட நேரமில்லை. காலையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள், நடுவில் அதே பள்ளிக்கூடத்தின் சமையலறை, மாலையில் திரும்பவும் பஸ். மணியடித்துப் பிள்ளைகள் வெளியே வருவதற்கு முன்னால் நாற்பது நிமிடம் கிடைக்கும். தையல் வளையத்தை ஸ்டியரிங் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, ஓட்டுகிற இருக்கையிலேயே தைத்தாள். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் மெத்தென்ற ஃபிளானல் துணி. மூன்றையும் கோத்துக்கொண்டு ஊசி இறங்கி ஏறும்போது, காலையிலிருந்து நெஞ்சில் இறுகிக் கிடந்தது கொஞ்சம் தளரும். அந்தத் தளர்ச்சி நூல் வழியாகத் துணிக்குள் போகும், துணி வழியாகத் தங்கைக்குப் போகும் என்று அவள் மெய்யாகவே நம்பினாள். "பஸ்ஸையா தைக்கிறே, நோரீன்?" என்று டெனீஸ் கேலி பண்ணினாள்.

போர்வையை வாங்கியதும் டெனீஸும் ஓரத்தைத்தான் முதலில் புரட்டினாள். சிவப்பு நூலில் எழுதியிருந்தது: 'டெனீஸுக்கு. போனை அணை. படு. இது அக்கா உத்தரவு.' வாய்விட்டுச் சிரித்தாள். அந்தக் குளிர்காலத்தில் நோரீன் கேட்ட ஒரே சிரிப்பு. அதை ஆஸ்பத்திரிக்கே எடுத்துப் போனாள். இதே அறை அப்போது சாமான் அறை. கிடைக்கிற இருபது நிமிடத்தில் கையுறைப் பெட்டிகளுக்கு நடுவே தரையில் போர்த்திப் படுத்தாள். ஒரு பொட்டுத் தூக்கம் வந்ததாம். தொலைபேசியில் குழந்தை மாதிரி சொன்னாள்.

மார்ச் மாதம், தொடர்ந்து மூன்றாவது பதினாறு மணி நேரம் முடித்துக் காலையில் திரும்பும்போது, ஓடை வளைவில் கார் நேராகப் போய்விட்டது. தார்ச்சாலையில் பிரேக் தேய்ந்த கோடு ஒன்றுகூட இல்லை. தூங்கியிருக்கிறாள். 'சம்பவம் பணி நேரத்துக்கு வெளியே நிகழ்ந்தது' என்று ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. கூடவே சாவு வீட்டுக்கு அனுப்புகிற லில்லிப் பூக்கள் வந்தன. பிறகு, போர்வை இங்கேயே இருக்கட்டும், மற்றவர்களுக்கு உதவும் என்று கேட்டார்கள். உதவட்டும் என்றுதான் நோரீன் கையெழுத்துப் போட்டாள்.

"வாங்க மேடம், வாங்க." நிர்வாகி ஹாஸ்கல் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார். பின்னால் கேமராவோடு ஒருவர். "ரொம்ப அழகா அமைஞ்சிருச்சு, இல்லையா? ரோண்டா, நீங்களும் வந்து நில்லுங்க. ஒரே ஒரு போட்டோதான்."

ரோண்டா டெனீஸோடு சேர்ந்து வேலை பார்த்தவள், ஐம்பது தாண்டியவள். வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்திருந்தது.

"இந்த ரூமுக்கு எத்தனை தடவ வந்திருக்கே, ரோண்டா?" என்றாள் நோரீன்.

"இப்படி மாத்தினப்புறம் இப்பதான் மொத தடவ. பூட்டித்தானே வச்சிருந்தாங்க."

"இன்னிக்கு மாடியில வேலைக்கு எத்தனை பேரு?"

ரோண்டா ஹாஸ்கலைப் பார்த்தாள். "ரெண்டு பேரு. முப்பத்தோரு கட்டில்."

நோரீன் கையை நீட்டினாள். ஓபல் பைக்குள்ளிருந்து தையல் பிரிக்கிற முள்ளை எடுத்துக் கொடுத்தாள். முதல் கம்பி 'டக்'கென்று தரையில் விழுந்தது.

"மேடம், என்ன பண்றீங்க? அது ஆஸ்பத்திரிப் பொருள். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"போத்திக்கறதுக்குப் போட்டேன், சார். ஆணி அடிக்கறதுக்குப் போடல."

"உங்க துக்கம் எனக்குப் புரியுது..."

"உங்களுக்கு அது புரிய வேணாம். முப்பத்தோரு கட்டிலுக்கு ரெண்டு பேருன்னா என்னன்னு புரிஞ்சாப் போதும்."

"அவ பிரிச்சு முடிக்கட்டும், தம்பி," என்றாள் ஓபல். "நாங்க தைக்கவும் நிதானமாத்தான் தைப்போம், பிரிக்கவும் நிதானமாத்தான் பிரிப்போம்."

கேமராக்காரர் கேமராவைத் தாழ்த்தினார். கம்பிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. இரண்டு இடத்தில் துணி கிழிந்தது. அவள் நிறுத்தவில்லை. போர்வை மொத்தமாகச் சரிந்து அவள் தோளில் விழுந்தபோது, சலவை மருந்து வாசனைதான் வந்தது. டெனீஸின் வாசனையைத் துவைத்துப் போக்கிவிட்டிருந்தார்கள்.

"ஒக்காரு, ரோண்டா."

"ஐயோ, எனக்கு வேலை கெடக்கு நோரீன்..."

"ஒக்காருடி."

அந்தக் குரல் பஸ்ஸில் அறுபது பிள்ளைகளை அடக்குகிற குரல். ரோண்டா நாற்காலியில் விழுந்தாள். நோரீன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள், பின்பக்கம் வெளியே தெரியும்படி. சிவப்பு எழுத்து ரோண்டாவின் மார்பின் மேல் வந்தது. அதைக் குனிந்து படித்த ரோண்டாவின் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரிவதற்குள் தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

நோரீன் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போய் வாசலை அடைத்து உட்கார்ந்தாள். நடைவழியின் கோடியில் பதினாலாம் அறைக் கதவுக்கு மேலே ஆரஞ்சு விளக்கு எரிந்தது. போர்வைக்கு அடியில், ரோண்டாவின் இடுப்பில் இருந்த அழைப்புக் கருவி முனகத் தொடங்கியது.

"நோயாளி கூப்பிடறாங்க," என்றார் வாசலுக்கு வெளியே நின்ற ஹாஸ்கல். "அவங்கள எழுப்புங்க."

"நீங்க முழிச்சுக்கிட்டுத்தானே நிக்கறீங்க, சார்? போங்க."

ஹாஸ்கல் விளக்கைப் பார்த்தார், தன் பளபளப்பான காலணியைப் பார்த்தார். கருவி மறுபடி முனகியது. போர்வையின் கீழ்முனையில் ரோண்டாவின் பாதங்கள் ஒன்று மாற்றி ஒன்று அசைய ஆரம்பித்தன.