செம்மறி என்று சொன்ன எலும்பு

முன்கால் எலும்பைக் கல்யாணமாகாத பெண்ணின் தட்டில் வைக்கக் கூடாது. வைத்தால் அவள் காலமெல்லாம் பிறந்த வீட்டிலேயே தங்கிவிடுவாள். கசாக் வீடுகளில் ஐந்து வயசுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். தலைமையாசிரியரின் மனைவி ரய்கானுக்கு மட்டும் தெரியாமலா போகும்? தெரிந்துதான் வைத்தாள் அந்த மகராசி. வசந்த விருந்தில், ஊரே சுற்றி உட்கார்ந்திருக்க, முப்பத்தாறு வயசு பிபினூர் டீச்சரின் முன்னால்.

"எடுத்துக்கோ டீச்சர். இனிமே உனக்கு இதுல என்ன பயம்?"

எல்லாரும் சிரித்தார்கள். மாட்டு டாக்டர் சப்பாரின் அக்காவும் சிரித்தாள். தம்பிக்குப் பிபினூரைப் பெண் கேட்க இருந்தவளே அவள்தான். மறுவாரம், "சகுனம் சரியில்ல, இத்தோட விட்டுடுங்க" என்று ஆள் அனுப்பிவிட்டாள். கோடையில் சப்பார் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார்.

பிபினூர் அழவில்லை என்று சொன்னால் பொய். அழுதாள், வயிறெரிந்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "இதே ஊர் முன்னால உன் மானத்த வாங்கலைன்னா நான் பிபினூர் இல்லடி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அடுத்த வருஷம் அக்டோபரில் மாவட்டக் கல்வி அதிகாரி வந்தார். ராத்திரி தலைமையாசிரியர் வீட்டில் விருந்து. காலையில் மூன்றாம் வகுப்பில், பெற்றோர் முன்னிலையில், பிபினூரின் எலும்புக்கூடு பாடம். அதிகாரியின் மனசு குளிர்ந்தால் தலைமையாசிரியருக்கு மாவட்ட அலுவலகத்தில் நாற்காலி. அவர் மனசு குளிரச் செம்மறி அடிக்க வேண்டும்; பெரிய விருந்தாளிக்கு வெள்ளாட்டுக் கறி வைப்பது அங்கே அவமானம். ஆனால் கஞ்சத்தனம் யாரை விட்டது? பக்கத்து வீட்டுக்காரர் பிபினூரிடம் வந்து சிரித்தார்.

"என் கிழட்டு வெள்ளாட்ட ரய்கான் வாங்கிட்டுப் போனா. விருந்தாளி முன்னால வைக்கிற தலை மட்டும் சந்தையில வாங்கின செம்மறித் தலையாம்!"

பிபினூர் நேரே போய், தன் வகுப்பில் படிக்கும் ரய்கானின் மகன் எல்தோஸைக் கூப்பிட்டாள். "நாளைக்குப் பாடத்துக்கு உங்க விருந்து எலும்பையெல்லாம் கொண்டு வாப்பா."

ரய்கானுக்குப் பெருமை பிடிபடவில்லை. சோடா உப்பு போட்டு அவளே தேய்த்துக் கொடுத்தாள். கறி போனபின் எலும்பில் என்ன தெரியப்போகிறது என்று நினைத்தாள். பிள்ளைகளை மறந்தாள்.

காலையில் பிள்ளைகள் துணி விரித்து எலும்புகளை அடுக்கினார்கள்.

"உங்க விலாவத் தொட்டுப் பாருங்க. மனுஷனுக்குப் பன்னிரண்டு ஜோடி. ஆட்டுக்கு?"

"பதிமூணு!"

அதிகாரி தலையாட்டி ரசித்தார். பின்வரிசையில் ரய்கான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பிபினூர் ஒரு சின்ன எலும்பை எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"இது எந்த இடம்?"

"பின்னங்கால் கணு! அசிக்!" அந்தக் கணு எலும்பை எறிந்து அசிக் ஆடாத பிள்ளை அந்த ஊரில் கிடையாது. எல்லாப் பையிலும் நாலைந்து கிடந்தன.

"உங்ககிட்ட இருக்கிற செம்மறி அசிக்கோட வெச்சுப் பாருங்க."

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி வாங்கிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "ஐயே, டீச்சர்! இது வெள்ளாட்டு அசிக். எவ்வளவு ஒல்லி பாருங்க! இத யாரும் ஆட்டத்துல சேத்துக்கவே மாட்டாங்க!"

"வெள்ளாடு! வெள்ளாடு!" என்று வகுப்பே கத்தியது.

"இல்ல, செம்மறிதான்!" எல்தோஸ் அழுகிற குரலில் எழுந்தான். "எங்கம்மா சொன்னாங்க! அந்த மாமாதான சாப்பிட்டாரு, அவரையே கேளுங்க!"

அவன் விரல் அதிகாரியைக் காட்டியது. அதிகாரி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, தேநீர்கூடக் குடிக்காமல் வண்டி ஏறினார். பெற்றோர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சப்பாரின் அக்காவும் சிரித்தாள். ஆகா, பிபினூருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

தாழ்வாரத்தில் ரய்கான் மறித்தாள். கண் சிவந்திருந்தது.

"பச்சப்புள்ளைய வெச்சுப் பழி வாங்கிட்டியே பாவி! உனக்குன்னு ஒண்ணு இருந்திருந்தா அந்த வலி தெரியும்."

"இருந்திருக்கும் ரய்கான்," என்றாள் பிபினூர். "நீ அன்னைக்கு அந்த எலும்ப என் தட்டுல வைக்காம இருந்திருந்தா."