உதிரிப் பழம்

ஞாயிறு காலை கென்னத் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோதே அடுத்த வீட்டு மரியா அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"இன்னிக்கு ரையன் கோயிலுக்கு வர்றான் தம்பி."

ரையன் அவள் மூத்த மகன். குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டி, பின்னால் உட்கார்ந்திருந்த சொந்தத் தம்பியைக் கூலிம் ரோட்டில் பறிகொடுத்தவன்.

"நல்லதுக்கா, வரட்டும்."

"நல்லது இருக்கட்டும். நீ என்னா பேசப்போற? அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து புல்லு சாகடிக்கிற மருந்து போத்தல எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கேன். திட்றதுக்கு நான் இருக்கேன், போலீஸ் இருக்குது, ஊரே இருக்குதுலா. உங்கிட்ட வேற ஒண்ணு இருக்குதாமே, அதக் குடு."

கென்னத் செம்பனைத் தோட்டத்து மண்டோர், கங்காணி. வாரமெல்லாம் குலை வெட்டுக்காரர்களை விரட்டுகிற அதே வாய்தான், போதகர் வராத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்யும். 'கென்னத் பிரசங்கத்துல நரகம்னா நாள் முழுக்கப் பசார், மோட்சம்னா கடைசி நேரத்து பஸ்' என்று சபையில் கேலி உண்டு. நியாயப்பிரமாணம் என்கிற கட்டளை ஆளை முறிக்கும், சுவிசேஷம் என்கிற நற்செய்தி தூக்கி நிறுத்தும், முறிந்தவனை மறுபடி முறிக்காதே என்று போதகர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கென்னத்துக்கு முதல் பாதிதான் கைவந்தது. இன்றைக்கும் குடியைப் பற்றித்தான் எழுதி வைத்திருந்தான்.

கோயிலுக்கு நடக்கும்போது யோசித்தான். செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் கிடந்தால் குலை பழுத்துவிட்டதென்று அர்த்தம். அந்தக் குலையைப் போய்ப் பழுத்ததா என்று எவனும் தட்டிப் பார்க்க மாட்டான். ரையனும் ஏற்கெனவே முறிந்து விழுந்தவன்தான். எழுதிய தாளை மடித்துப் பைக்குள் திணித்தான்.

ரையன் கடைசி பெஞ்சில் தனியாக இருந்தான். பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. முன் பெஞ்சில் மனோகரன், சபைப் பொருளாளர், எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்: "தம்பியக் கொன்னவனுக்கும் எடம் இருக்குது போல."

கென்னத் மேடையேறினான்.

"முன் பெஞ்சுக்காரனுக்குத்தான் மொதல் வார்த்தை. இந்த மாசம் ஒன் மனசுக்குள்ள எத்தன பேர வெறுத்துக் கொன்ன? கடவுள் கணக்குல நீயும் தப்பல, நானும் தப்பல."

மனோகரன் காது சிவந்தது. கென்னத் கடைசி பெஞ்சைப் பார்த்தான்.

"ரையன், கிறிஸ்து ஒனக்காகத்தான் செத்தாரு. ஒன் பாவம் மன்னிக்கப்பட்டுச்சு."

ரையன் எழுந்தான். "சும்மா சொல்லாதீங்க அங்கிள். திட்டுங்க. எல்லாரையும் திட்டுவீங்கள்ல? என்னைய மட்டும் ஏன் விடுறீங்க?"

வார்த்தைகள் கென்னத்தின் நாக்கு நுனியில் தயாராக நின்றன. நன்றாகப் பழகிய வார்த்தைகள். விழுங்கினான்.

"திட்டெல்லாம் முடிஞ்சிருச்சுடா. சிலுவையில, அவர் மேல."

ரையன் வெளியே நடந்தான். நல்ல மழை. கென்னத் மேடையை விட்டிறங்கி, பெஞ்சுகளுக்கு நடுவே போய், மழையில் அவன் பின்னாலேயே நடந்தான்.

"உள்ள போங்க அங்கிள், நனையாதீங்க."

"நீ எவ்வளவு தூரம் போவ?"

"தெரியல."

"போ. அவ்வளவு தூரமும் வர்றேன். வழி நெடுக இதையேதான் சொல்லுவேன். மன்னிச்சாச்சு."

செம்பனை வரிசைக்குள் ரையனின் நடை தளர்ந்தது. திரும்பவில்லை. கென்னத் மறுபடி சொன்னான். கோயிலுக்குள் யாரோ பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். வாசலில் மனோகரன் அவர்கள் போன பக்கம் பார்த்து நின்றிருந்தான், கையில் இன்னும் விரிக்காத குடை.