பெறுநர் என்ற இடத்தில்

காசு வேண்டாம் என்று அவன் சொன்னபோதுதான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது. காயல்பட்டினத்தில் ரத்தினக் கல் வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவன் நான். நாங்கள் தவழ்ந்ததே பேரத்துக்கு நடுவில்தான். கேட்பவனுக்கு ஒரு விலை, கொடுப்பவனுக்கு ஒரு விலை, இரண்டுக்கும் நடுவில் ஒரு டீ என்பது வாப்பா சொல்லித்தராமலே எங்களுக்குத் தெரிந்திருந்தது. காசு வேண்டாம் என்கிறவனிடம் டீயை எங்கே வைப்பது? மேசைமேல் ஸ்பீக்கரில் கிடந்த போன் பொறுமையான அரபியில் பேசியது. "நாங்கள் வழிப்பறிக்காரர்கள் இல்லை. ஆறு பேரையும் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறோம். ஒரு கடிதம் போதும். பெறுநர் என்ற இடத்தில் எங்கள் பெயரை முழுதாக எழுத வேண்டும். இயக்கம் என்று இல்லை. அரசு என்று."

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த வீரம்மாளுக்கு அரபி தெரியாது. குரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜித்தாவில் ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை அவளுக்கு. மதியம் டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு நேராக ஷரஃபியாவுக்கு, என் கடைக்கு வந்திருந்தாள். அவள் கணவன் சேதுபதி போன சரக்கு லாஞ்சு ஏழு மாதத்துக்கு முன் கடலில் எஞ்சின் நின்று, காற்று தள்ளித் தள்ளி, தெற்கே ஒரு நாட்டின் கரையில் ஒதுங்கியது. பத்து வருட உள்நாட்டுச் சண்டை அங்கே ஓய்ந்திருந்ததே தவிர முடிந்திருக்கவில்லை. துறைமுகம் இயக்கத்தின் கையில். உலகம் அவர்களை அரசு என்று ஒப்புக்கொள்ளவில்லை. உலகம் ஒப்புக்கொள்ளாத அந்தக் கையில்தான் ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் ஆறு பேரும் இருந்தார்கள். போன வாரம் சேதுபதியை ஒரு நிமிடம் பேசவிட்டார்கள். அவர் கொடுத்த நம்பர்தான் இது.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். எங்கள் ஊரில் 'யோசித்து' என்றால் 'இல்லை' என்று பொருள். அது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும், நான் வைக்கும் முன்பே மெல்லச் சிரித்தான்.

பதினெட்டு வருடமாக ஊராருக்கு அரபியில் மனு அடித்துக் கொடுக்கிறேன். லீவு மனு, இக்காமா என்கிற குடியிருப்பு அனுமதிக்கு மனு, கஃபீல் என்கிற ஸ்பான்சர் முதலாளிமேல் புகார், அந்தப் புகாரை வாபஸ் வாங்கும் மனு. கடைசி இரண்டையும் சேர்த்து அடித்தால் தள்ளுபடி உண்டு. ஆனால் இப்படி ஒரு பெறுநருக்கு அடித்ததில்லை. லாஞ்சு முதலாளி ஷார்ஜாவில் இருக்கிறார். இயக்கத்துக்கு ஒரு வரி எழுதினால் கம்பெனி பெயர் தடைப் பட்டியலில் ஏறிவிடும் என்றார். நம் தூதரக அதிகாரிகளோ அரசு என்று எழுதினால் அங்கீகரித்ததாக ஆகிவிடும், பொறுங்கள் என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். நியாயத்தில் ஏழு மாதம் போயிருந்தது.

"என்ன கேக்குறான் பாய்?" என்றாள்.

சொன்னேன். அவள் உடனே, "எழுதிருங்க" என்றாள்.

"எழுதுறது லேசு வீரம்மா. இன்னைக்கு எழுதினா நாளைக்கு இன்னும் ரெண்டு லாஞ்ச இழுத்துட்டு வருவான். கடிதம் கெடைக்குதுல்ல. அதோட, எதுத்த கடையில முடி வெட்டுறாரே, அவரு அந்த நாட்டு ஆளு. அவரு வீட்ட இடிச்சது இவனுங்கதான். அவனுங்கள நான் அரசுன்னு எழுதிட்டு நாளைக்கு அவருகிட்ட எப்படிப் போயி தாடைய நீட்டுவேன்?"

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இந்த மண்ணிலிருந்து அந்த விலாசத்துக்குக் கடிதம் போனது தெரிந்தால் என் இக்காமா கலாஸ், அதோடு தீர்ந்தது. மற்ற இரண்டு காரணங்களும் உண்மைதான். ஆனால் நல்ல கல்லை மேலே பரப்பி, விரிசல் கல்லை அடியில் வைப்பது எங்கள் பரம்பரைப் பழக்கம்.

பக்கத்து கார்கோ ஆபீசில் கணக்கு எழுதும் ரஜிதன் டீ குடிக்க வந்து கதவோரம் நின்றிருந்தான். கிளிநொச்சிக்காரன். அதிகம் பேசமாட்டான், பேசினால் டீ ஆறிவிடும்.

"அண்ணை, நீங்கள் இன்னும் விலை கேட்டுக்கொண்டு நிக்கிறியள்" என்றான்.

"நீ சொல்லுடா, உனக்குத் தெரியாத இயக்கமா?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக்கூடாது என்று தோன்றியது. அவன் கப்பைக் கீழே வைத்தான்.

"எங்கட அண்ணாவை இயக்கம் கொண்டு போகேக்க, அவையோட கதைக்கமாட்டன் எண்டு அம்மா நிண்டவ. பிள்ளைபிடிகாரரோட என்ன கதை எண்டு. மானஸ்தி. பிறகு சண்டை முடிஞ்சுது. கேக்கிறதுக்கு இயக்கமும் இல்லை. ஆமியிட்டக் கேட்டா, இயக்கத்தைக் கேள் எண்டாங்கள். இப்பவும் ஒரு கடிதம் எழுதி வைச்சிருக்கிறா. மேல பேர் போட ஆள் இல்லை." சற்று நிறுத்தி, வீரம்மாளைப் பார்த்துச் சொன்னான். "அக்கா, அவன் நல்லவனோ கெட்டவனோ, அது பிறகு. ஆளை வைச்சிருக்கிறவனோடதான் கதைக்க வேணும். அவன் இருக்கேக்கையே கதைக்க வேணும்."

ஒருவன் இருக்கும்போதே அவனோடு பேச வேண்டும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. எங்கள் வியாபாரத்தில் எதிராளி களைக்கும் வரை காத்திருப்பதுதான் சாமர்த்தியம். களைத்து, செத்து, கடையே இல்லாமல் போய்விட்டால் நம் சரக்கு எங்கே போகும் என்று நாங்கள் யோசித்ததில்லை.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஆனாலும் பழக்கம் விடுமா. அவனை மறுபடி கூப்பிட்டு, 'துறைமுகத்தின் மதிப்புக்குரிய சகோதரர்களுக்கு' என்று போடலாமா என்றேன். சகோதரர்கள் என் வீட்டில் இருக்கிறார்கள் என்றான். 'துறைமுகப் பொறுப்பாளருக்கு' என்றேன். பொறுப்பாளர் என்றால் காவல்காரன் மாதிரி இருக்கிறது என்றான். கால் மணி நேரம் இப்படி ஏறி இறங்கினோம். நான் எப்படிப்பட்டவன் என்று அவனுக்கும், அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்கும் ஓரளவு தெரிந்தது. நல்ல வாடிக்கையாளன். ஒரு அங்குலம் இறங்கவில்லை.

வீரம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "பாய், போன வையுங்க. அவன் கேட்ட பேரையே போடுங்க. ரேசன் கடையில எடை போடுறவன சாருங்குறேன், கொறச்சுத்தான் போடுறான்னு தெரிஞ்சே. கிளினிக்குல என்னய நாயே பேயேங்குற சூப்பர்வைசர மேடங்குறேன். இவன அரசுன்னு கூப்புட்டா எனக்கு என்ன கொறஞ்சுரப் போகுது? நாட்டுக்கு ஆகாதுன்னா நாடு எழுத வேணாம். நான் எழுதுறேன். அவுக எம் புருசன். அனுப்புநர்ல எம் பேரப் போடுங்க."

"முடி வெட்டுறவரு?"

"அவருகிட்ட நானே போயிச் சொல்லிக்கிறேன்."

அடித்தேன். பெறுநர் என்ற இடத்தில் அவன் சொன்னபடி, ஒரு எழுத்துக் குறையாமல், நீளமான பட்டத்தோடு. அனுப்புநர்: வீரம்மாள், சேதுபதியின் மனைவி. நடுவில் நான்கு வரிதான். அவர்கள் வேலைக்குப் போனவர்கள், சண்டைக்கு வந்தவர்கள் இல்லை, அனுப்பி வையுங்கள். அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள். படம் பிடித்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: முத்திரை எங்கே?

அதை எதிர்பார்த்திருக்க வேண்டும். இந்த வளைகுடாவில் சீல் இல்லாத தாள் மீன் மடிக்கத்தான் ஆகும். மேசையின் இடது டிராயரில் கடைச் சீல் இருந்தது. அதில் என் கஃபீலின் பெயர் வட்டமாகச் செதுக்கியிருக்கும். என் கை டிராயர்மேல் போய் அங்கேயே நின்றது. இழுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. ரஜிதன் ஜன்னலைப் பார்த்தான். வீரம்மாள் என் கையைப் பார்த்தாள்.

"சீலு வேணாம் பாய். அதுல உங்க மொதலாளி பேருல்ல இருக்கு" என்றவள், மேசைமேல் இருந்த ஸ்டாம்ப் பேடைத் திறந்து உள்ளங்கையை முழுதாக அழுத்தினாள். பேடு சின்னது. விரல் விரலாகத் திருப்பித் திருப்பி ஒற்றினாள். பிறகு கையெழுத்துக்குக் கீழே கையைப் பதித்து, தன் உடம்பு பாரத்தை எல்லாம் அதன்மேல் வைத்தாள். நீலமாக ஐந்து விரலும் ரேகையும் விழுந்தன. பினாயிலில் ஊறிய கை. ரேகைகள் சில இடங்களில் இல்லை.

எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். தன் போனிலிருந்து அனுப்பச் சொன்னாள். வேண்டாம், என் நம்பரில்தான் பேசினான், என் நம்பரிலேயே போகட்டும் என்றேன். சீலைக் கொடுக்கப் பயந்த நான் நம்பரைக் கொடுத்தேன். வியாபாரியின் வீரம் அவ்வளவுதான், பாதி விலை.

மஃரிப் தொழுகைக்குக் கடையடைத்துத் திறந்தபோதும் பதில் இல்லை. அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எட்டு மணிக்கு வந்தது. வாசித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னவாம்?"

"ஆறு பேருக்கு ஒரு கையான்னு கேக்குறான்."

அவள் முகம் சுருங்கியது. நான் சொன்னேன். "வீரம்மா, கல்லு வேண்டாங்குறவன் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிருவான். கொறை சொல்றவன்தான் வாங்குவான். ஊருக்குப் போன் போடுங்க."

ஊரில் அப்போது பத்தரை மணி. யார் வீட்டிலும் ஸ்டாம்ப் பேடு கிடையாது. ஒன்றொன்றாகப் படங்கள் வந்தன. சொட்டு நீலத்தில் தோய்த்த ஒரு கை. குங்குமத்தைக் குழைத்து ஒரு கை. அடுப்புக் கரியில் ஒன்று. மீன் அறுத்து நடுவிரல் பாதியில் நின்ற ஒரு தாயின் கை. கடைசியாக ஐந்தாவது, மஞ்சளில், பெரிய கைக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை அளவு விரல்களோடு ஒரு சின்னக் கை. என் பிரிண்டரில் கறுப்பு மை மட்டும்தான். குங்குமமும் மஞ்சளும் எல்லாம் ஒரே நிறத்தில் ஒரே தாளில் வந்து விழுந்தன. வீரம்மாள் நீல விரலை வைத்து எந்தக் கை யாருடையது என்று சொல்லச் சொல்ல, ரஜிதன் தாள் பறக்காமல் பிடித்துக்கொள்ள, ஒவ்வொன்றின் கீழும் அரபியில் பெயர் எழுதினேன்.

"இந்தச் சின்னக் கை?"

"பெறந்து மூணு மாசம். இன்னும் பேரு வைக்கல. அப்பன் வரட்டும்னு நிறுத்தி வச்சிருக்காக."

நான் அந்தக் கைக்குக் கீழே, ஒரு பெயர் எழுதுகிற அளவுக்கு, இடம் விட்டேன்.