கண்ணாடிக்கு வெளியே அம்மா

ஒரு விரலை நீட்டுவாள் மிரெம்பே. அப்பா கயெம்பா நகத்தை வெட்டியதும் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வாள். அடுத்த விரலுக்குக் கெஞ்ச வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு நெற்றி முதல் பாதம் வரை சின்னம்மைக் கொப்புளங்கள். நகம் இருந்தால் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வாள், ஒட்ட வெட்டிவிடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். கடைசி விரல் பாக்கி இருக்கும்போது அவனுடைய போன் விடாமல் அதிர ஆரம்பித்தது. தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோரும் ஒரே வீடியோவை அனுப்பியிருந்தார்கள். முந்தின நாள் ஆஸ்பத்திரி வரிசையில் யாரோ எடுத்தது. அழுகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவன் விசிறிக்கொண்டிருக்கிறான். பின்சுவரில் இருந்த டிவியில் பிள்ளையின் அம்மா நந்தோங்கோ வெள்ளி உடையில் பாடி ஆடிக்கொண்டிருக்கிறாள். கீழே எழுதியிருந்தது: 'ஊருக்கெல்லாம் பாட்டு, பெத்த பிள்ளைக்கு?'

கம்பாலாவில் நந்தோங்கோவின் பாட்டு ஒலிக்காத டாக்ஸி கிடையாது, சலூன் கிடையாது. ஒரு காலத்தில் அவளும் கயெம்பாவும் ஒரே குழுவில் இருந்தார்கள். அவன் பேஸ் கிதார் வாசித்தான். அவள் பின்வரிசையில் நின்று கூடப் பாடினாள். பிள்ளை பிறந்த வருடம்தான் அவள் தனியாகப் பாடிய பாட்டு ஒன்று காட்டுத்தீ மாதிரி பரவியது. யார் வீட்டில் இருப்பது என்று இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். அவன் விரல்களுக்குப் பதில் வேறு விரல்கள் கிடைக்கும், அவள் குரலுக்குப் பதில் வேறு குரல் கிடைக்காது என்று சொன்னவன் அவன்தான். பழைய கூட்டாளிகள் அவனை 'நந்தோங்கோ பொண்டாட்டி' என்று கூப்பிட்டால், "ஆமா, நல்லா சமைப்பேன், சாப்பிட வாங்கடா" என்பான். எல்லா நாளும் அந்தச் சிரிப்பு எளிதாக வந்துவிடாது. சில நாட்கள் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் விரல்கள் தாமாகவே தாளம் போடும். அப்போது எழுந்து போய் வாழைக்காய் உரிப்பான்.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது நந்தோங்கோ வடக்கே கச்சேரிகளில் இருந்தாள். அவளுக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததே இல்லை. பெரியவர்களுக்கு வந்தால் நுரையீரல் வரை இறங்கலாம், கொப்புளம் காய்கிற வரை கிட்டவே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை மைதானத்தில் பெரிய கச்சேரி வேறு. ஊர் திரும்பியவள் சிநேகிதி வீட்டில் தங்கி, போனில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குள் மசாக்காவிலிருந்து கயெம்பாவின் அக்கா நசிவா வந்து இறங்கினாள். அவள் கையில் அம்மைக்குக் குளிப்பாட்டும் காட்டுப் பாகற்கொடி ஒரு கட்டு. கட்டைக் கீழே வைப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"பிள்ளை துணியைப் பையில போடு. நான் கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்குக்கா?"

"எதுக்கா? ஊரே காறித் துப்புது. ஆம்பளை நீ மருந்து தடவிட்டு உக்காந்திருக்க, அவ அங்க இடுப்பை ஆட்டுறா. ஆத்தா இருந்தும் ஆத்தா இல்லாத பிள்ளையாப் போச்சு என் மருமவ."

"நம்ம ரெண்டு பேருக்கும் அம்மை போட்டப்ப அப்பா எங்க இருந்தாரு?"

"மொம்பாசாவுக்கு லாரி ஓட்டிட்டுப் போயிருந்தாரு."

"அப்ப யாராச்சும் நம்மளை அப்பன் இல்லாத பிள்ளைங்கன்னு சொன்னாங்களா?"

"அப்பனும் ஆத்தாளும் ஒண்ணாடா?"

"இந்த வீட்டுல ஒண்ணுதான். கொடியைக் குடுக்கா, குளிப்பாட்டலாம். பிள்ளையைக் குடுக்க மாட்டேன்."

அடுப்பில் வெந்நீர் வைக்கப் போன நசிவா பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தம் வரும்படி வைத்தாள். ஆனால் பாகற்கொடியைக் கசக்கி வெதுவெதுப்பான நீரில் போட்டு, பிள்ளையின் மேல் ஊற்றும்போது அந்தக் கை பூப்போல இறங்கியது.

பிள்ளைக்குத் துவட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம். நந்தோங்கோ. ஓடி வந்தவள் கதவைத் தட்டினாள். அவள் பின்னாலேயே பைக்குகளில் வந்த கேமராக்காரர்கள் வேலிக்கு வெளியே முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"திற, கயெம்பா."

"மாட்டேன்."

"எனக்கு என்ன ஆனாலும் பரவால்ல. எல்லாரும் சொல்றது நிஜம்தானோன்னு தோணுது. நான் ஒரு அம்மாவா?"

கயெம்பாவின் கை தாழ்ப்பாளில் இருந்தது. திறந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். அவள் உள்ளே ஓடி வந்து பிள்ளையை அள்ளுவாள், வேலியிலிருந்து படம் எடுப்பார்கள், சாயங்காலத்துக்குள் ஊர் உருகி அவளை மன்னித்துவிடும். ஊர் கேட்பது அந்த ஒரு படத்தைத்தான். அதற்கு விலையாக அவள் மூச்சையா கொடுப்பது? மன்னிக்க அவள் என்ன குற்றம் செய்தாள்? அவன் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தான்.

"நீ அம்மாங்கறதுக்கு அவனுங்க சர்டிபிகேட் தர வேணாம். ஜன்னல் பக்கம் வா. கண்ணாடி மூடித்தான் இருக்கு. பிள்ளையைத் தூக்கிக் காட்டுறேன்."

செருப்பொலி ஜன்னலை நோக்கி நகர்ந்தது. வேலியிலிருந்து ஒருவன் கத்தினான்.

"மேடம்! பெத்த பிள்ளையைத் தொடக்கூட மாட்டீங்களா?"

நந்தோங்கோ நின்றாள். கண் மை கன்னத்தில் வழிந்திருந்தது. அதைத் துடைக்காமலே திரும்பினாள்.

"என்கூட மேடை ஏறுற ஆம்பளைங்க எத்தனை பேருக்குப் பிள்ளைங்க இருக்கு? உங்க பிள்ளைக்கு யாரு மூக்கு சிந்தி விடுறான்னு அவங்ககிட்ட ஒரு நாளாவது கேட்டிருக்கியா? உள்ள அவ அப்பா இருக்காரு. எனக்கு ஒத்தாசைக்கு இல்ல, அவளுக்கு அப்பாவா இருக்காரு. எழுதிக்கோ. சனிக்கிழமை பாடுவேன். அதையும் சேர்த்து எழுதிக்கோ."

கண்ணாடிக்கு உள்ளே மிரெம்பே அப்பாவின் இடுப்பில் உட்கார்ந்து, சட்டையைத் தூக்கி வயிற்றுக் கொப்புளங்களைப் பெருமையாகக் காட்டினாள். நந்தோங்கோ ஒவ்வொன்றையும் பார்த்து வாயைப் பிளந்து ஆச்சரியப்பட்டாள். பிள்ளை சிரித்தது. காய்ச்சல் வந்ததிலிருந்து அவள் சிரித்ததே இல்லை. "பசிக்குதுப்பா," என்றாள்.

கயெம்பா தட்டில் மசித்த வாழைக்காயும் வேர்க்கடலைக் குழம்பும் போட்டு ஜன்னலோரம் வைத்தான். இன்னொரு தட்டு நிறைந்துகொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தான். போட்டுக்கொண்டிருந்தது நசிவா. தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகச் சுற்றிப்போய், ஜன்னலுக்கு வெளியே திட்டில் வைத்துவிட்டு நாத்தனாருக்கே உரிய குரலில் சொன்னாள்:

"நீ செய்யறது எனக்குப் பிடிக்கல. சாப்பிடு, எலும்பாயிட்ட."

பிறகு வேலியைப் பார்த்து நின்று, உடைக்கு மேல் இடுப்பில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து இரண்டு கைகளாலும் அகல விரித்துப் பிடித்தாள்.

"போங்கடா! சாப்பிடுற வாயைப் படம் பிடிச்சா கண்ணு படும்."

அந்தத் துணி மறைவில், கச்சேரிச் செருப்பைக் கழற்றிவிட்டு நந்தோங்கோ திட்டில் ஏறி உட்கார்ந்தாள். உள்ளே மிரெம்பே ஒரு உருண்டையைக் கண்ணாடியருகே தூக்கிக் காட்டிவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். வெளியே அவள் அம்மாவும் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். இருவர் கன்னங்களும் ஒன்றுபோல உப்பியிருந்தன.